கோழி அடைப்புக்கு என்ன தரை? கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, கோவில்பட்டிப் பக்கம் கரிசல் நிலம். 20 அடிக்கு 10 அடியில் வலை அடைப்பு, 20 நாட்டுக்கோழி. ஐப்பசி மழையில் ஒரே சேறு. உமி கொட்டினேன், அதுவும் சேறாகிவிட்டது. வேறு எதைக் கொட்டலாம்?

பதில்: கொட்டுவதை நிறுத்துங்கள். தண்ணீர் வெளியேற வழி இல்லாதவரை மேலே எது விழுந்தாலும் கோழி கிளறி மண்ணோடு சேர்த்துவிடும். மழை விட்டுக் காய்ந்ததும் சேற்றை அரை அடி வழித்தெடுத்துத் தென்னைக்குப் போடுங்கள். தரையை ஒரு பக்கமாகச் சரித்துவிடுங்கள். 10 அடி அகலத்துக்கு 3 அங்குலம் போதும். தாழ்ந்த பக்கத்தில், வலைக்கு வெளியே ஒன்றேகால் அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஓடிப்போக வழி விடுங்கள். வாய்க்காலின் அடி, போடப்போகும் ஜல்லியின் அடியைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே நின்று நாறும்.

பிறகு பழைய பச்சை நிழல்வலையை இரண்டாக மடித்து விரித்து, அதன் மேல் முக்கால் அங்குல ஜல்லியை 4 அங்குலம் போடுங்கள். மறுபடி ஒரு விரிப்பு, அதன் மேல் பருமணல் 4 அங்குலம். கீழ் விரிப்பு இல்லாவிட்டால் ஜல்லி கரிசலுக்குள் புதையும். மேல் விரிப்பு இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கும். உங்கள் 200 சதுர அடிக்கு ஜல்லி 67 கன அடி, மணலும் அதே அளவு. ஒரு யூனிட் 100 கன அடி, ஒவ்வொன்றும் முக்கால் யூனிட்டுக்குள் அடங்கும். கோழிகள் மண் குளிக்கும் மூலையில் மணல் குறைந்து வலை தெரிந்தால் நகம் மாட்டும், உடனே நிரவுங்கள். ஒரு கோழிக்கு 10 சதுர அடி இருக்கிறது, நல்லது. கோழிகளை முப்பதாக ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ஆற்று மணல் வாங்கக் கட்டுப்படியாகவில்லை சார். கல்லை அரைத்துச் செய்யும் எம் சாண்ட் போடலாமா?

பதில்: கழுவிய எம் சாண்டைச் சலித்துத் தூள் போக்கிவிட்டுப் போடலாம். கல்தூள் அதிகம் இருந்தால் நனைந்து இறுகித் தண்ணீரைத் தடுக்கும். பூச்சுக்கு வாங்கும் பி சாண்ட் கூடவே கூடாது. கடற்கரை மணலும் வேண்டாம், உப்பு.

கேள்வி: எங்கள் ஊரில் தேங்காய் நார்க்கழிவு சும்மாவே கிடைக்கிறது அண்ணா. அடைப்பில் பரப்பலாமா?

பதில்: கூரைக்குக் கீழே தாராளமாகப் பரப்பலாம். திறந்தவெளியில் வேண்டாம். தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. வெளியே போட, தென்னை மட்டையை இயந்திரத்தில் அரைத்த சில்லு நல்லது. தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிவிடும். கூரான ஈர்க்குத் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள், பாதத்தில் குத்தினால் சீழ் வைக்கும்.

கேள்வி: குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல். தரையில் சுண்ணாம்பு தூவினால் நிற்குமா ஐயா?

பதில்: நிற்காது. அந்த நோய்க் கிருமியின் முட்டை சுண்ணாம்புக்குச் சாகாது. எச்சத்தோடு வெளியே வந்தபின், ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். ஆகவே ஈரத்தைத்தான் ஒழிக்க வேண்டும். அடைப்பில் ஈரம் அதிகமாகத் தண்ணீர்க் குடுவையைச் சுற்றித்தான் இருக்கும். குடுவையைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி, அடியில் 2 அடி சதுரத்துக்கு ஜல்லி போடுங்கள். பெரிய கோழிகள் மிதித்த தரையில் குஞ்சுகளை விடாதீர்கள். மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். இன்னொன்று: ஈரமான எச்சத்தில் சுண்ணாம்பு பட்டால் அம்மோனியா நெடி கூடும். சுட்ட சுண்ணாம்பு என்றால் கால் வெந்துபோகும்.

கேள்வி: கூரைக்குக் கீழே போட்ட உமியை எப்போது மாற்றுவது?

பதில்: நாள் கணக்கு பார்க்காதீர்கள். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். மெதுவாக உதிர்ந்தால் சரி. ஒட்டவே ஒட்டாமல் பறந்தால் தூசி கிளம்பும், லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். நெடியைப் பார்க்கக் குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை உயரத்தில் மூச்சு இழுங்கள். கண் எரிந்தால் அன்றைக்கே ஈரப்பகுதியை அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். கட்டி தட்டாமல் இருக்க வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள்.

கேள்வி: சிமெண்ட் தரையே போட்டுவிட்டால்?

பதில்: கழுவ எளிது, பாதத்துக்குக் கெடுதல். மேலே 4 அங்குலம் கூளம் இல்லாமல் விடாதீர்கள்.

கேள்வி: பெருச்சாளி தோண்டிக்கொண்டு வருகிறது.

பதில்: கோழி வலையைப் பெருச்சாளி கடித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பி வலை), வலையின் அடியோடு கட்டி, வெளிப்பக்கம் 2 அடி அகலத்துக்குத் தரையில் படுக்கவைத்து மேலே மண் மூடுங்கள். ஓரத்தில் தோண்ட ஆரம்பித்ததும் கம்பி தட்டும், விட்டுவிட்டுப் போய்விடும்.