ஒரு மணி நேரமாக என்ன பாத்திரம்?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.). கணவரின் சாப்ட்வேர் வேலைக்காக அமெரிக்கா வந்து யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊரில் இருக்கிறோம். சுற்றிலும் மார்மன் என்ற அமெரிக்கச் சபையைச் சேர்ந்த குடும்பங்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டியே அவர்களுடைய வேதபாடக் கட்டடம். நண்பர்களோடு அங்கே போக ஆரம்பித்த எங்கள் ஒரே மகன், 18 வயது ஆனதும் அவர்களிடம் ஞானஸ்நானம் எடுத்துவிட்டான். அடுத்த வருடம் கல்லூரியை நிறுத்திவிட்டு மிஷனரியாகப் பெரு நாட்டுக்குப் போனான். 14 மாதம் ஆகிறது. ஏற்கெனவே இயேசுவை அறிந்த கத்தோலிக்கர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களை மாற்றுகிறானாம். ஊரில் எல்லாரிடமும் டெக்சாஸில் படிக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மார்மன் கூட்டத்திலிருந்து வெளியே வந்தவர்களின் வீடியோக்களைத் தேடித் தேடி மின்னஞ்சலில் அனுப்புகிறேன், பதிலே இல்லை. திங்கட்கிழமை மதியம் கூப்பிடுவான். அவன் அப்பா மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் பேசுவார், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். போன மாதம் என் மாமனாரின் ஞானஸ்நானத் தேதி வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இறந்தவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பார்களாமே! கேட்டதிலிருந்து வயிறு எரிகிறது. இவர்கள் கிறிஸ்தவர்கள்தானா? எந்த வசனத்தைக் காட்டினால் என் பிள்ளை திரும்புவான்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒரு மணி நேரமாக எந்தப் பாத்திரத்தைக் கழுவுகிறீர்கள் அம்மா? வீட்டில் இருப்பது நீங்கள் இரண்டு பேர். இரண்டு தட்டு, ஒரு குக்கர், ஒரு ரசச் சட்டி. அமெரிக்காவில் அதற்கு மெஷின் வேறு இருக்கும்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். உபதேசம் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். மேலே கொஞ்சம்தான் கொடுத்திருக்கிறேன். இந்தப் பாத்திர விஷயம் மட்டும் ஒரே வரியில், வழியில் கிடந்த கல்லைத் தாண்டுவது போல வந்து போனது. மகன் வீட்டை விட்டுப் போய் 14 மாதம் என்றால் சுமார் 60 திங்கட்கிழமை. அறுபது முறை அவன் குரல் மாடியில் கேட்டிருக்கிறது. நீங்கள் குழாயைத் திறந்துவிட்டுக் கீழே நின்றிருக்கிறீர்கள்.

அந்தக் கூப்பிடுதல் எவ்வளவு அரிதாக இருந்தது என்று தெரியுமா? 2019 பிப்ரவரி வரைக்கும் மார்மன் மிஷனரிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன் பேச வருடத்தில் இரண்டே நாள்தான்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்ற நாளெல்லாம் கடிதம், மின்னஞ்சல். அதற்கப்புறம்தான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று தளர்த்தினார்கள். அதுவும் துணி துவைத்து, கடைக்குப் போய், முடி வெட்டிக்கொள்ள விட்டிருக்கும் அந்த ஒரு நாளில். மற்ற நாளில் விடிந்ததிலிருந்து இரவு வரை வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டை, கூடவே ஜோடியாக இன்னொரு மிஷனரி. இருபது வயதுப் பையன் அதில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வீட்டுக்குக் கூப்பிடுகிறான். அவன் மார்மன் என்பதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் திங்கட்கிழமை அவனுக்கு அம்மா இல்லை என்று ஆக்கியது மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் அல்ல.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன், இல்லாவிட்டால் நழுவுகிறேன் என்பீர்கள். அவர்கள் கிறிஸ்தவர்களா? நானும் சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்தவள்தான். ஒளிக்காமல் சொல்கிறேன்: நாம் ஆராதனையில் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை அவர்களால் நம்மோடு சேர்ந்து சொல்ல முடியாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தன்மையுடைய ஒரே தேவன் என்பதை அவர்கள் ஏற்பதில்லை. பிதாவுக்கும் மாம்ச உடல் உண்டு என்பார்கள். வேதாகமத்தோடு இன்னும் மூன்று நூல்களை வேதமாக வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றான மார்மன் புத்தகத்தில் வரும் தீர்க்கதரிசியின் பெயரைத்தான் நீங்கள் குடியிருக்கும் ஊருக்கே வைத்திருக்கிறார்கள். 1820இல் நியூயார்க் மாநிலத்தில் தனக்குத் தரிசனம் கிடைத்தது, இருக்கிற சபைகள் எல்லாமே தவறு, எதிலும் சேராதே என்று சொல்லப்பட்டது என்பது ஜோசப் ஸ்மித்தின் வாக்குமூலம். அதை இன்றைக்கும் வேதமாக அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அப்போஸ்தலருக்குப் பின் ஆசாரிய அதிகாரமே பூமியில் அற்றுப்போனது, 1830இல் தொடங்கிய தங்கள் சபையில்தான் திரும்ப வந்தது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் நாசரேத் கோயிலில் உங்கள் மகனுக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது.

நம் பக்கமும் சும்மா இல்லை. அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று ரோமாபுரி 2001இல் அறிவித்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே அமெரிக்க மெதடிஸ்டுகளும் அப்படித்தான் சொன்னார்கள். ஆக இரண்டு பக்கமும் ஒருவர் ஊற்றிய தண்ணீரை மற்றவர் தண்ணீராகவே மதிப்பதில்லை. வேறு வேறு விசுவாசம் என்று நேராகச் சொல்லிவிடலாம். ஆனால் இயேசுவின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிற பிள்ளையைப் பார்த்து ‘நீ கிறிஸ்தவனே இல்லை’ என்று அம்மா சொன்னால் அவன் காதில் உபதேசமா விழும்? ‘நீ என் பிள்ளை இல்லை’ என்றுதான் விழும். அறுபது வாரமாக அதைத்தான் நீங்கள் வாய் திறக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏற்கெனவே இயேசுவை அறிந்தவர்களை மாற்றுகிறானே என்ற உங்கள் கோபம் நியாயமானது. ஆடு மேய்க்க வந்தவன் அடுத்தவன் தொழுவத்தில் கை வைத்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நம் கையையும் பார்த்துக்கொள்வோம். 1998இல் அமெரிக்காவின் தென் பாப்டிஸ்டுகள் தங்கள் வருடாந்திர மாநாட்டையே மார்மன்களின் தலைமையிடமான சால்ட் லேக் சிட்டியில் போட்டு, வந்த கையோடு மார்மன் வீடுகளின் கதவைத் தட்டினார்கள். நம் ஊரில் மட்டும் என்ன? ‘பெந்தெகொஸ்தேக்காரர்கள் என் மருமகளைத் தூக்கிக்கொண்டு போய் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள்’ என்று பாளையங்கோட்டையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் எனக்கு வந்த கடிதங்களை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். எல்லாவற்றிலும் ஒரே வரி இருக்கும்: ‘வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டோம்.’ நிறுத்தியதால் யாராவது திரும்பி வந்தார்கள் என்று இன்றுவரை ஒரு கடிதம் வரவில்லை.

ஐந்து தலைமுறை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முதல் தலைமுறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்கள் பகுதியில் முதலூர் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அது 1799இல் எப்படி உண்டானது? கிறிஸ்தவர்களானவர்களைச் சொந்த ஊரில் வாழவிடவில்லை. அதனால் தனியே நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அன்றைக்கு விரட்டியவர்களில் பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் இருந்திருக்க மாட்டார்களா? உங்கள் கொள்ளுப்பாட்டனின் அப்பா வேதத்துக்கு வந்த நாளில் அவரைப் பெற்றவள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பாள். அவளுக்கும் வயிறு எரிந்திருக்கும். 1903இல் திருநெல்வேலிக்காரர்கள் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனிக் கலயத்தில் போட்ட வீடுகள் நம்முடையவை. அடுத்த வீட்டுப் பிள்ளை மிஷனரியாகப் போனால் அரிசி போட்டோம். நம் பிள்ளை நமக்குப் பிடிக்காத மிஷனுக்குப் போனால் டெக்சாஸில் படிக்கிறான் என்கிறோம்.

அந்த டெக்சாஸ் பொய்யை இந்த வாரமே நிறுத்துங்கள். சபையைப் பாதுகாக்கச் சொன்ன பொய் இல்லை அது. உங்கள் முகத்தைப் பாதுகாக்கச் சொன்னது.

வீடியோ அனுப்புவதையும் நிறுத்துங்கள். பேசமாட்டேன், ஆனால் யாரோ முன்பின் தெரியாதவன் பேசுவதை அனுப்பிவைப்பேன் என்பது என்ன நியாயம்? 2004 நவம்பரில் சால்ட் லேக் சிட்டியில் மார்மன்களின் டேபர்நேக்கிள் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அன்று பிரசங்கம் செய்தவர் சென்னையில் பிறந்த ரவி சகரியாஸ். அவர் பெயர் பிற்பாடு கெட்டது வேறு கதை. அவருக்கு முன்னால் பேசிய ரிச்சர்ட் மௌ, ஃபுல்லர் இறையியல் கல்லூரியின் அன்றைய தலைவர், மார்மன்களைப் பார்த்து, நீங்கள் நம்பாததையெல்லாம் நம்புவதாக நாங்கள் சொல்லித் திரிந்தோம், உங்களுக்கு விரோதமாகப் பாவம் செய்தோம் என்ற பொருளில் மன்னிப்புக் கேட்டார். சொந்தக் கூட்டத்தாரே அவர் மேல் பாய்ந்தார்கள். மார்மன் உபதேசத்தை ஒப்புக்கொள்ளாத மனிதர்தான் அவர். ஆனாலும் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். உங்கள் பிள்ளை பேசக் காத்திருக்கிறான், நீங்கள் உட்காரவே மாட்டேன் என்கிறீர்கள்.

இப்போது மாமனார் விஷயம். ஆமாம், இறந்தவர்களுக்காக ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். 1 கொரிந்தியர் 15:29ஐ ஆதாரம் காட்டுவார்கள். அவர்களுடைய ஆலயத்தில் பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கும் பெரிய தொட்டி இருக்கும். உயிரோடு இருக்கும் ஒருவர் இறந்தவரின் பெயரால் அதில் மூழ்கி எழுவார். இறந்தவரின் ஆத்துமா அதை ஏற்கலாம், மறுக்கலாம் என்பது அவர்கள் போதனை. யூதப் படுகொலையில் மாண்டவர்களின் பெயர்களும் இப்படி ஏறியதால் பெரிய சண்டையாகி, 1995இல் ஒப்பந்தம் போட வேண்டிவந்தது. பங்குப் பதிவேடுகளை யூட்டாவின் வம்சாவளிச் சங்கத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று 2008இல் வத்திக்கான் தன் மறைமாவட்டங்களுக்கு எழுதியது. ஆகவே நீங்களும் கொடுக்காதீர்கள். உங்கள் மாமனார் தன் விசுவாசத்தில் வாழ்ந்து, அதிலேயே கண்ணை மூடியவர். கேட்காமல் அவர் பெயரை எடுத்து இன்னொரு சபையின் ஏட்டில் எழுதுவது மரியாதை இல்லை. இதில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

ஆனால் அவன் ஏன் கேட்டான் என்று யோசித்தீர்களா? குடும்பம் சாவுக்கு அப்பாலும் பிரியாமல் சேர்ந்தே இருக்கும், அதற்கு ஆலயத்தில் முத்திரையிட வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாம் அதை நம்பவில்லை. அவன் நம்புகிறான். நித்தியத்திலும் தாத்தா தன்னோடு இருக்க வேண்டும் என்று பேரன் எங்கோ ஆண்டிஸ் மலை நாட்டிலிருந்து தேதி கேட்கிறான். அவன் அம்மாவால் ஒரு மணி நேரம் அவனோடு இருக்க முடியவில்லை. வெட்கமாக இல்லையா?

அந்த ‘முடியாது’ என்ற பதிலை நீங்களே சொல்ல வேண்டும். மாடியில் உங்கள் கணவர் சொல்லக் கூடாது, மின்னஞ்சலிலும் போகக் கூடாது. அப்பா வழியாக வந்தால் அது உத்தரவு. அம்மா வாயால் வந்தால்தான் அதில் தாத்தாவும் இருப்பார்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. 60 வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு இறங்கிவந்து ‘நன்றாக இருக்கிறானாம்’ என்று சொல்வது சமாதானம் பண்ணுவது ஆகாது சார். போனை அடுக்களைக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னும் பத்து மாதத்தில் திரும்பிவிடுவான். ஊழியம் முடிந்து வந்த பையனுக்கு அந்த ஊரில் சீக்கிரமே கல்யாணப் பேச்சு எழும். அவர்கள் ஆலயத்துக்குள் நடக்கும் திருமணத்தைப் பார்க்க, சபை கொடுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். உங்களுக்குக் கிடைக்காது. பெற்றவர்கள் வெளியே தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணங்கள் அங்கே ஏராளம். அமெரிக்காவில், முதலில் சாதாரணத் திருமணம் செய்தால் ஆலய முத்திரைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2019 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாரும் பார்க்க ஒரு திருமணம், அப்புறம் ஆலயத்தில் அவர்கள் சடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வைப்பதும் வைக்காததும் பிள்ளையின் மனசு.

என் அத்தை 1968இல் ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டார். என் தாத்தா கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்தக் கல்யாணப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. விவரம் தெரியாத போட்டோக்காரர் பெண்ணின் அப்பாவுக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டே எடுத்திருக்கிறார்.

வசனம் கேட்டீர்கள், தரப்போவதில்லை. வேதத்தில் பாதியை அவன் உங்களைவிட நன்றாகப் படித்திருப்பான், தினமும் அதுதானே வேலை. வருகிற திங்கட்கிழமை போன் வந்ததும் நீங்கள் எடுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அங்கே என்ன சமைக்கிறார்கள் என்று கேளுங்கள். உடன் இருக்கும் பையன் எந்த ஊர், ராத்திரி குளிர்கிறதா, செருப்பு தேய்ந்துவிட்டதா என்று கேளுங்கள். தாத்தா பெயரை எழுதாதே, எனக்குப் பிடிக்கவில்லை என்று அப்புறம் சொல்லுங்கள். அவன் வாதாடினால் வாதாடட்டும், நீங்களும் வாதாடுங்கள்.

பாத்திரத்தை அன்றைக்கு அவர் கழுவட்டும்.