‘ஈட்’, ‘ஈட் அப்’ ரெண்டும் ஒன்றுதானா?

கேள்வி இதுதான்: ஆங்கில வினைச்சொல்லுக்குப் பின்னால் வரும் அப், டவுன், அவுட் எல்லாம் பொருளை மாற்றுமா, சும்மா ஒட்டிக்கொண்டு வருமா?

பெரும்பாலும் மாற்றும். ‘ஈட்’ என்றால் சாப்பிடுவது, அவ்வளவுதான், தட்டில் பாதி மிச்சம் இருக்கலாம். ‘ஈட் அப்’ என்றால் தட்டு காலி. நாம் ‘தின்றான்’, ‘தின்று தீர்த்தான்’ என்று துணைவினையை வைத்துச் செய்கிற வேலையை அவர்கள் இந்தக் குட்டிச் சொல்லை வைத்துச் செய்கிறார்கள், இது பிடிபட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும். வீடு ஒரு மணி நேரம் ‘பர்ன்ட்’ என்றால் தீ எரிந்தது, சுவரும் கூரையும் தப்பியிருக்கலாம். ‘பர்ன்ட் டவுன்’ என்றால் தரைமட்டம். கடிதம் மாதிரி விழுவதற்கு ஒன்றும் இல்லாத பொருள் எரிந்து சாம்பலானால் ‘பர்ன்ட் அப்’ என்பார்கள், அதனால் அப் என்றால் மேலே, டவுன் என்றால் கீழே என்று திசையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது ‘ஃபைண்ட்’, ‘ஃபைண்ட் அவுட்’டில்தான், ஏனென்றால் நமக்கு ரெண்டுக்கும் ‘கண்டுபிடி’ போதும். தொலைந்த சாவி கையில் கிடைத்தால் ‘ஃபைண்ட்’. அதை எடுத்து ஒளித்துவைத்தது யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டால் ‘ஃபைண்ட் அவுட்’. சாவியையே ‘ஃபைண்ட் அவுட்’ செய்தேன் என்று எழுதினால் தப்பு.

அப்புறம், அட் என்பது இலக்கணப்படி வேறு வகை என்பார்கள், இருந்தாலும் குழப்பம் அதேதான். புலியை ‘ஷாட்’ என்றால் குண்டு பட்டுவிட்டது. ‘ஷாட் அட்’ என்றால் புலியைப் பார்த்துச் சுட்டான், பட்டதா இல்லையா என்பதற்கு அந்த வாக்கியத்தில் பதில் இல்லை.

இதுவரை சொன்னதில் மூலச்சொல்லின் பொருள் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறது. இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதில் யோசித்துப் பிரயோஜனமே இல்லை. ‘கிவ்’ கொடுப்பது, ‘கிவ் அப்’ கைவிடுவது. மீட்டிங்கை ‘கால்’ செய்தால் கூட்டுகிறார்கள், ‘கால் ஆஃப்’ செய்தால் ரத்து. ‘புட் ஆஃப்’ என்றால்தான் தள்ளிவைப்பு. இதைக் கலந்துவிட்டு, ரத்தான மீட்டிங்குக்கு மறுதேதி எப்போது என்று மெயில் போடுகிறவர்கள் உண்டு. இந்த வகையைப் புதுச்சொல்லாகவே நினைத்து மனப்பாடம் செய்துவிடுங்கள், அகராதியில் அந்தந்த வினைச்சொல்லின் கடைசியில் தனியாகப் போட்டிருப்பார்கள்.