அப்பாவுக்கு மூக்கோரம் ஆபரேஷன்னு கேட்டவங்களுக்கு

அப்பாவுக்கு மூக்கு பக்கத்துல பேசல் செல் கார்சினோமா (ஒரு வகை தோல் கேன்சர்), ஆபரேஷன்னதும் தூக்கமே வரலன்னு எழுதியிருந்தீங்க, எங்க அம்மாவுக்கும் கன்னத்துல இதேதான் வந்துச்சு அதான் சொல்றேன். இது வேற உறுப்புக்கு பரவுறது ரொம்ப அபூர்வம்ங்க. பெரும்பாலும் மரத்துப்போற ஊசி மட்டும்தான், போடுறப்போ சுருக்குன்னு இருக்கும், அப்புறம் இழுக்குற மாதிரி தெரியுமே தவிர வலிக்காது. கட்டிய சுத்தி நல்ல தோலையும் பொதுவா 4 மில்லிமீட்டராவது சேர்த்து எடுப்பாங்க, அதனால காயம் நீங்க நினைச்சத விட பெருசா இருக்கும், பாத்து பதறிடாதீங்க, மூக்குங்கறதால பக்கத்து தோல இழுத்து மூடவும் செய்யலாம். கண்ணுகிட்ட வீங்கும், வடிஞ்சிரும். முகத்து தையல் 5-7 நாள்ல பிரிப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. அப்புறம் பயாப்ஸி ரிப்போர்ட்ல, வெட்டி எடுத்த தோலோட ஓரமெல்லாம் கேன்சர் இல்லாம சுத்தமா இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க, சுத்தமா இல்லன்னா மறுபடி கொஞ்சம் எடுக்க வேண்டி வரலாம்.