ராஜ்யசபா இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

கேள்வி: மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மக்களவை இருக்கும்போது ராஜ்யசபா எதற்கு? தேர்தலில் தோற்றவர்களுக்குப் பதவி கொடுக்கத்தானே?

தோற்றவர்களுக்கும் பதவி கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சபையே வேண்டாம் என்பவர்களிடம் நான் 1970 செப்டம்பரில் நடந்ததைத்தான் சொல்வேன்.

பழைய சமஸ்தான மன்னர்களுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்க, இந்திரா காந்தி அரசு அரசியல் சட்டத் திருத்த மசோதா கொண்டுவந்தது. மக்களவை நிறைவேற்றிவிட்டது. ராஜ்யசபாவில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. சாதாரண மசோதா என்றால் அமோக வெற்றி. திருத்தத்துக்கோ, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 224 பேரில் அது 149.33. எதிர்த்தவர்களில் ஒருவர் காபி குடிக்க வெளியே போயிருந்தால்கூட மசோதா தப்பியிருக்கும்!

அரசு விடவில்லை. குடியரசுத் தலைவர் உத்தரவு மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அப்புறம் மக்களவையைக் கலைத்து, 1971 தேர்தலில் பெரிதாக ஜெயித்து வந்த பிறகுதான் 26வது திருத்தமாக மானியம் ஒழிந்தது. மானியம் போனது சரி என்பதுதான் என் கருத்தும். ஆனாலும் மக்களிடம் போய் நின்றுவிட்டு வந்து செய்ததற்குத் தனி மதிப்பு உண்டு. அதில் அந்த ஒரு ஓட்டுக்கும் பங்கு இருக்கிறது.

எல்லா மசோதாவிலும் ராஜ்யசபாவுக்கு இந்தப் பலம் கிடையாது. சாதாரண மசோதா என்றால் இரு அவைகளின் கூட்டுக் கூட்டம் போட்டு நிறைவேற்றிவிடலாம். 2002ல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா அப்படித்தான் வந்தது. வரி, அரசுச் செலவு போன்றவற்றுக்கான பண மசோதாவில் 14 நாளுக்குள் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். 2016ல் ஆதார் மசோதாவை அந்த வழியில் கொண்டுவந்தார்கள். ராஜ்யசபா சொன்ன திருத்தங்களை மக்களவை ஏற்கவில்லை.

என் குறை வேறு. மாநிலங்களின் சபை என்கிறோம். தமிழ்நாட்டுக்கு 18 இடம். ஆறு இடங்களுக்குத் தேர்தல் வரும்போது 34 எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு இருந்தால் ஒரு எம்.பி. முன்பெல்லாம் எந்த மாநிலத்தில் நிற்கிறாரோ, வேட்பாளர் அங்கே வாக்காளராக இருந்தாக வேண்டும். 2003ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், 2006ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இப்போது எந்த ஊர்க்காரரும் எந்த மாநிலத்திலிருந்தும் போகலாம். சபையை மூடச் சொல்வதற்கு முன்னால், அந்த விதியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம்.