பாதிச் சரக்கு திரும்பி வருகிறதே?

கேள்வி: சிறு விவசாயிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, காய்கறிக் கடையே இல்லாத ஓர் ஏழைக் குடியிருப்புக்கு வாரம் ஒருநாள் காலையில் வண்டி விடுகிறோம். முதலில் நல்ல கூட்டம். இப்போது பாதிச் சரக்கு திரும்புகிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு வாராவாரம் காய்கறிப் பை கொடுக்கும் முறைக்கு மாறலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முன்பணப் பை நல்ல முறைதான். ஜப்பானில் 1970களிலேயே ‘தெய்கெய்’ என்ற பெயரில் குடும்பங்களும் விவசாயிகளும் இப்படி நேரடியாகக் கைகோத்தார்கள். ஆனால் அது மாதச் சம்பளக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அன்றாடக் கூலிக்காரர் கைக்குப் பணம் வருவதே சாயங்காலம். அவரிடம் போய் ஒரு பருவத்துக்கான பணத்தைக் கேட்க முடியுமா?

காலையில் நீங்கள் போகும்போது பாதிப் பேர் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். மாலை 6 மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். வாரம் ஒருநாள் என்பதும் சரிவராது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு வாரக் காயை எங்கே வைப்பது? மற்ற நாட்களில் அவர்கள் எதையாவது வாங்குவது, கடன் கொடுக்கும் தெருமுனைப் பெட்டிக்கடையில்தான். அந்தக் கடைக்காரரை எதிரியாக்காமல் அவரிடமே சரக்கை இறக்கி, கமிஷன் கொடுத்து விற்கச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இதனால் விற்பனை கூடும். ஆனாலும் அதில் வண்டி வாடகை முழுதாகத் தேறாது. அதற்காக விவசாயியின் விலையைக் குறைத்துவிடாதீர்கள். அவர் அடுத்த பருவம் வரமாட்டார். பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்டே நகராட்சி 1993-இல் தொடங்கிய உணவுத் திட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது: நகரின் நல்ல இடங்களில் கடை போட அனுமதி பெற்ற வியாபாரிகள், வார இறுதியில் புறநகர் ஏழைக் குடியிருப்புகளுக்கும் காய்கறி கொண்டுபோக வேண்டும். லாபம் தரும் இடம், தராத இடத்தைத் தாங்கியது.

உங்களிடம் நகராட்சி இல்லை, சரி. உங்கள் வண்டி போகும் வழியில் ஒரு பள்ளியோ விடுதியோ மருத்துவமனையோ இருக்குமே! லாபம் தரும் இடமாக அதைப் பிடியுங்கள். பிரேசிலின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி உணவுக்கான மத்திய அரசு நிதியில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்றது. இப்படி ஒரு கொள்முதல் உறுதியாக இருந்தால், எதை எவ்வளவு விதைப்பது என்று விவசாயிக்கு முன்கூட்டியே தெரியும். எல்லோரும் ஒரே காயை ஒரே வாரத்தில் பறித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

நான் ஒரு விடுதிச் சமையலறைக்குக் கொள்முதல் பார்த்திருக்கிறேன். சமையல்காரர்கள் விலையைப் பற்றி அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள். “காலையில 5 மணிக்குள்ள வந்துடுமா?” என்பதுதான் கேள்வி. காய் சின்னதும் பெரியதுமாக வந்தால் நறுக்க நேரமாகிறது என்று முனகுவார்கள். வராமலே போனால் மறுநாளே பழைய வியாபாரிக்குப் போன் பறக்கும். ஆகவே ஒரே விவசாயியை நம்பாமல், ஒவ்வொரு காய்க்கும் இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விதைப்புக்கு முன்பே, வாரம் எத்தனை கிலோ, பணம் எத்தனை நாளில் என்பதைச் சமையலறைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.