ஆபீஸ் சந்தா யாருக்கு எது? கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

சிறு கம்பெனிகளுக்கு மெயிலும் கம்ப்யூட்டரும் அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. யாருக்கும் ஏஜென்ட் இல்லை, கமிஷனும் கிடையாது. மெயில், வேர்டு, எக்செல் சந்தா பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுவதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

சார், திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். 22 பேருக்கு மெயில் வேண்டும். விற்க வந்தவர் 22 பேருக்கும் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்டே போடச் சொல்கிறார். தேவையா?

தேவையில்லை. நாள் முழுக்க எக்செல்லைத் திறந்து வைத்து உட்காருபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மெர்ச்சண்டைசர்கள், அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங் பேப்பர் பார்ப்பவர் எல்லாம் சேர்த்து எட்டுப் பேர் வருவார்களா? அவர்களுக்கு ஸ்டாண்டர்ட் போடுங்கள். கட்டிங் பொறுப்பாளர், ஸ்டோர், க்யூசி எல்லாம் போனில் மெயில் பார்ப்பவர்கள், பிசினஸ் பேசிக் போதும். பேசிக்கில் வேர்டும் எக்செல்லும் பிரவுசரிலும் போனிலும் மட்டும்தான் திறக்கும், கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்ய முடியாது. மற்றபடி மெயில், டீம்ஸ், ஆளுக்கு 1 டிபி ஒன்டிரைவ் (இணையத்தில் ஃபைல் வைக்கும் இடம்) எல்லாம் உண்டு. ஒரே கணக்கில் இரண்டையும் கலந்து வாங்கலாம். இதை விற்பவர் வாயால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

‘ஆப்ஸ் ஃபார் பிசினஸ்’ என்று இன்னொன்று இருக்கும். அதில் வேர்டு, எக்செல் இருக்கும், மெயில் இருக்காது. வாங்கிவிட்டு மெயில் எங்கே என்று தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ‘இன்ஃபோ’, ‘அக்கவுண்ட்ஸ்’ என்ற பெயர்களில் வரும் பொது மெயில்களுக்குத் தனிச் சந்தா கட்டாதீர்கள். பலர் சேர்ந்து திறக்கும் ஷேர்டு மெயில்பாக்ஸாகப் போட்டால் 50 ஜிபி வரை இலவசம். திறந்து பார்ப்பவருக்கு மட்டும் சொந்தச் சந்தா இருக்க வேண்டும்.

அண்ணா, மைக்ரோசாஃப்ட் 365 ஃபேமிலி பிளானில் 6 பேர் சேரலாமே. எங்கள் ஆபீஸில் 5 பேர்தான்.

அது வீட்டு உபயோகத்துக்கு; தொழிலுக்குப் பயன்படுத்த உரிமம் கிடையாது. அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. ஒவ்வொருவர் ஃபைலும் அவரவர் சொந்தக் கணக்கில் இருக்கும். ஆள் வேலையை விட்டுப் போனால் கொட்டேஷன்களும் கூடவே போகும்.

மதுரையில் ஆடிட்டர் அலுவலகம். 2016இல் காசு கொடுத்து வாங்கிய ஆபீஸ் இன்றும் ஓடுகிறது. எதற்கு மாத வாடகை?

ஓடும், ஓடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்குமே பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. உங்களிடம் இருப்பது ஊரார் பான் நம்பரும் பேங்க் ஸ்டேட்மென்டும். வாடகை பிடிக்கவில்லை என்றால் ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் ஆபீஸ் 2024 ஹோம் அண்ட் பிசினஸ் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்று, அப்டேட் 2029 அக்டோபர் வரை வரும். மெயில் வேறு இடத்தில் இருக்கிறது, அதே கம்ப்யூட்டரை அதுவரை வைத்திருப்பீர்கள் என்றால் உங்களுக்கு அதுதான் லாபம். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் ‘ஒரிஜினல் கீ’யை மட்டும் நம்பாதீர்கள்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்கிறோம். காஸ்டிங் முழுக்க ஒரு பழைய எக்செல் ஷீட்டில் ஓடுகிறது, பட்டனை அழுத்தினால் தானே வேலை செய்யும் மாக்ரோ எல்லாம் போட்டது. மகன் கூகுளின் மெயில், ஷீட்ஸ் சந்தாவுக்கு மாறச் சொல்கிறான்.

இந்த மாக்ரோ எழுதிய ஆள் இப்போது வேலையில் இல்லை, சரிதானே? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

எக்செல் மாக்ரோ கூகுள் ஷீட்ஸில் ஓடாது. கூகுளின் நிரல் முறையான ஆப்ஸ் ஸ்கிரிப்டில் புதிதாக எழுத வேண்டும். பிரவுசரில் திறக்கும் எக்செல்லிலும் ஓடாது என்பதால், அந்த ஷீட்டைத் தொடுகிறவருக்கு மேலே சொன்ன பேசிக்கும் உதவாது. அதனால் மாறுவதற்கு முன் உங்களிடம் இருப்பதிலேயே மோசமான மூன்று ஃபைலை எடுத்து கூகுளில் ஏற்றிப் பாருங்கள். பட்டன் வேலை செய்கிறதா, தொகை பழைய தொகைதானா, பிரிண்ட் எடுத்தால் ஒரே பக்கத்தில் நிற்கிறதா. அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் மாறி, மறுபடி திரும்பி வந்தவர்கள் உண்டு.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான்கு பேர் ஒரே ஷீட்டில் ஒரே நேரத்தில் எழுதுவது கூகுளில் சுலபம். மெயிலில் தேடுவதும் அப்படியே. எல்லாரையும் கூகுளில் வைத்துவிட்டு, காஸ்டிங் பார்க்கும் இரண்டு பேருக்கு மட்டும் எக்செல் தனியாக வாங்கலாம். ஆனால் டிராயிங் ஃபைல் அதிகம் என்றால் கூகுளின் பிசினஸ் ஸ்டார்ட்டர் வேண்டாம். ஆளுக்கு 30 ஜிபிதான். அடுத்த படியான ஸ்டாண்டர்டில் 2 டிபி.

ஜோஹோ நம்ம ஊர் கம்பெனிதானே, அதை ஏன் சொல்வதில்லை?

சொல்கிறேன். சென்னையில் இருந்து உலகத்துக்கு விற்பவர்கள். 1996இல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கி 2009இல் ஜோஹோ ஆனார்கள். ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி, சொந்த டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் உங்கள் கம்பெனி பெயர்) பெயரில் மெயில் இலவசம். புதிதாகக் கடை போடுபவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். இலவசத்தில் அவுட்லுக்கோடு இணைக்க முடியாது, பிரவுசரும் அவர்கள் ஆப்பும்தான். வெளிநாட்டு பையர் திருத்தம் போட்டு வேர்டு ஃபைலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார் என்றால், ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வேர்டு ஃபைலை ஜோஹோவில் திறக்கும்போது டேபிள் கலையலாம், ஊர்ப்பாசம் அதைத் தடுக்காது.

அச்சகம் வைத்திருக்கிறேன். பாமினி, வானவில் எழுத்துருவில் பழைய ஃபைல்கள் நிறைய. கூகுளுக்கு மாறலாமா?

கூகுள் டாக்ஸில் உங்கள் எழுத்துருவை ஏற்ற முடியாது. தமிழ் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி முடிக்கும் வரை கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் ஆகும் வேர்டோ, காசில்லாத லிப்ரே ஆபீஸோ வைத்துக்கொள்ளுங்கள்.

வருடச் சந்தா போட்டோம். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். குறைக்க முடியாது என்கிறார்களே?

மைக்ரோசாஃப்ட்டில் வாங்கிய 7 நாளுக்குள் குறைக்கலாம், அதற்குப் பிறகு அடுத்த புதுப்பிப்பில்தான். கூட்டுவது எப்போதும் முடியும், அதில் மட்டும் தாராளம். நிலையான ஆட்களுக்கு வருடச் சந்தாவும், சீசனுக்கு வருபவர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் மாதச் சந்தாவும் எடுங்கள். மாதச் சந்தா சுமார் 20 சதவீதம் கூடுதல், ஆனாலும் மிச்சம். வருடச் சந்தாவை மாதத் தவணையில் கட்டினால் 2025 ஏப்ரலில் இருந்து 5 சதவீதம் கூட்டியிருக்கிறார்கள்.

நின்றவர்களின் கணக்கை உடனே அழிக்காதீர்கள். அழித்தால் மைக்ரோசாஃப்ட்டில் 30 நாள், கூகுளில் 20 நாள்தான் மீட்க அவகாசம். முதலில் அவர்கள் மெயிலை ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றி, ஃபைல்களை எடுத்துவிட்டு, அந்தச் சந்தாவைப் புதிதாக வருபவருக்குக் கொடுங்கள். முதல் பில் வரும் முன்பே ஜிஎஸ்டிஐஎன் (உங்கள் ஜிஎஸ்டி பதிவு எண்) ஏற்றியாயிற்றா என்றும் பாருங்கள். இல்லையென்றால் 18 சதவீத வரியை இன்புட்டில் எடுப்பது, அதாவது நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது, பெரும்பாடு.

அட்மின் பாஸ்வேர்டு எங்களுக்கு செட்டப் செய்து கொடுத்தவரிடம் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நானும் ஒரு காலத்தில் இருந்தவன்தான். என் முதல் வாடிக்கையாளரின் டொமைனை வேறொருவர் தன் சொந்தப் பெயரில் பதிந்து வைத்திருந்தார். சண்டை வந்ததும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். புதுப்பிக்கும் தேதி தாண்டி மெயில் நின்றது. கப்பலில் சரக்கு, பையருக்குப் பதில் போகவில்லை. அவர் கைகாலில் விழுந்து மீட்க மூன்று வாரம் ஆனது. டொமைன் முதலாளி பெயரில், அவர் போன் நம்பரில் இருக்கட்டும். அட்மின் இரண்டு பேர் இருக்கட்டும், அதில் ஒருவர் நீங்கள். செட்டப் செய்பவருக்கு வேலை இருக்கும் நாளில் மட்டும் அனுமதி கொடுங்கள். எனக்கும் அப்படித்தான் கொடுக்கச் சொல்கிறேன்.