கணினி எப்படி வாசிக்கிறது? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள்களில் வேலை பார்ப்பவன் என்பதால், எங்கள் வாசகர் வட்டத்தில் வந்த கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பெரம்பூர் ஸ்டேஷனில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அறிவிப்பது கணினியா, மனுஷியா சார்?
(கல்லூரி மாணவர், பெரம்பூர்)

குரல் மனுஷியுடையது, கோப்பது கணினி. இந்த மாதிரி அறிவிப்புகளில் இலக்கங்கள், ஊர்ப் பெயர்கள், "நடைமேடை எண்" போன்ற தொடர்களைத் தனித்தனியாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, வேண்டியதை வரிசையாக ஒலிக்க விடுவார்கள். வண்டி எண் வரும்போது கூர்ந்து கேளுங்கள், இலக்கத்துக்கு இலக்கம் குரலின் ஏற்ற இறக்கம் ஒட்டாமல் நிற்பது தெரியும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்று தெரிந்த இடத்துக்கு இது போதும். நாளைய செய்தித்தாளை இந்த முறையில் வாசிக்க முடியாது.

அப்படியானால் எதைக் கொடுத்தாலும் வாசிக்கும் மென்பொருள் என்னதான் செய்கிறது?
(அதே மாணவரும் வேறு சிலரும்)

முதலில் எண், சுருக்கம், குறி எல்லாவற்றையும் முழுச் சொல்லாக விரிக்கும். பிறகு சொற்களை ஒலிகளாக மாற்றி, எந்த ஒலி எத்தனை மில்லிசெகண்ட் நீள வேண்டும், குரல் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று முடிவுசெய்யும். கடைசியாகத்தான் ஒலி அலையை உண்டாக்கும். நம் காதில் விழுவது இந்தக் கடைசி வேலை என்பதால் பாராட்டும் திட்டும் அதற்கே போகின்றன. என் அனுபவத்தில் தமிழ் சொதப்புவது பெரும்பாலும் முதல் இரண்டில்தான்.

அலையை உண்டாக்கும் கதை நீளமானது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வகம் காட்டிய வோடர் இயந்திரத்தை, பயிற்சி பெற்ற பெண்கள் விசைகளாலும் கால்மிதியாலும் இயக்கிப் பேசவைத்தார்கள். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வாளர் டென்னிஸ் கிளாட் தொண்டையும் வாயும் ஒலியை எப்படி வடிகட்டுகின்றன என்பதைக் கணக்காக்கினார். ஸ்டீபன் ஹாக்கிங்கின் அந்தப் பிரபலமான கணினிக் குரல் அவருடைய உழைப்பிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் பதிவுகளை வெட்டி ஒட்டும் காலம் வந்தது. வெட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓர் ஒலியின் நடுப்பகுதி நிலையாக இருக்கும், அடுத்த ஒலிக்கு வாய் மாறும் இடம்தான் சிக்கலானது. ஆகவே "மலை" என்ற சொல்லில் மகரத்தைத் தனியே, அகரத்தைத் தனியே நறுக்க மாட்டார்கள். மகரத்தின் நடுவிலிருந்து அகரத்தின் நடுவரை ஒரு துண்டு, அங்கிருந்து லகரத்தின் நடுவரை இன்னொன்று. மாறும் இடம் துண்டுக்குள் பத்திரமாக இருக்க, ஒட்டு நிலையான இடத்தில் விழும்.

2016-இல் கூகுளின் டீப்மைண்ட் வெளியிட்ட வேவ்நெட், ஒட்டும் வேலையை விட்டுவிட்டு, நொடிக்கு 16,000 அலைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கணித்தது. குரல் அருமை, வேகம் படுமோசம். இன்று பரவலாக உள்ள முறையில் ஒரு நரம்பு வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் நிரல்) எழுத்திலிருந்து ஒலியின் வரைபடத்தைத் தயாரிக்கிறது, இன்னொன்று அதை அலையாக்குகிறது. சாதாரணப் போனிலேயே நடக்கும் அளவுக்கு வேகமும் வந்துவிட்டது.

தமிழில் எழுதியபடியே வாசிக்கிறோம். கணினிக்கு இதில் என்ன சிரமம், தம்பி?
(ஓய்வு பெற்ற தமிழாசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை)

ஆங்கிலத்தைவிடச் சுலபம்தான் அம்மா. நமக்குப் புள்ளி இருப்பதால், எந்த அகரம் ஒலிக்கும், எது விழுங்கப்படும் என்று இந்திக்கு இருக்கும் தலைவலிகூட இல்லை. ஆனால் ககரத்தையே பாருங்கள். "கடல்", "பக்கம்", "தங்கம்", "அகம்" நான்கிலும் ஒரே எழுத்து, ஒலி ஒன்றல்ல. "பசு"வில் முழுதாக ஒலிக்கும் உகரம் "பாட்டு"வில் குறுகிவிடும். நீங்கள் வகுப்பில் நடத்திய குற்றியலுகரத்தை நாங்கள் நிரலில் எழுதுகிறோம். இதுவரை எல்லாம் விதிக்குள் அடங்கும்.

விதி உடைவது வேற்றுமொழிச் சொற்களிலும் ஊர்ப் பெயர்களிலும். தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் பகரம் வல்லென்று ஒலிக்கும் என்பது விதி. அந்த விதியை மட்டும் நம்பினால் "பேசின் பிரிட்ஜ்" என்பதன் முதல் எழுத்து "நேற்று பேசின பேச்சு" என்பதில் வரும் ப-வாகிவிடும். இயந்திரம் விதியை மீறவில்லை, ஆனால் அப்படிச் சொன்னால் எந்த ஆட்டோக்காரருக்கும் சிரிப்பு வரும். பீச் ஸ்டேஷனுக்கும் இதே கதி. "பாவம்" இன்னும் மோசம். செய்த பாவமா, நடனத்தில் வரும் பாவமா என்பது வாக்கியத்தைப் புரிந்துகொண்டால்தான் தெரியும். விதிவிலக்குப் பட்டியல் கொஞ்சம் காப்பாற்றும். புதிய முறைகள் ஏராளமான பதிவுகளைக் கேட்டுத் தாமாகவே கற்கின்றன. அந்தப் பதிவுகளில் நம் ஊர்ப் பெயர்கள் இல்லாவிட்டால் பழையபடிதான்.

டெலிவரி வேலை பார்க்கிறேன் அண்ணா. முகவரியைப் படிக்கச் சொன்னால் போன் பின்கோடை லட்சக்கணக்கில் சொல்கிறது.
(இளைஞர், கொடுங்கையூர்)

தண்டையார்பேட்டையின் 600081 அதற்கு "ஆறு லட்சத்து எண்பத்தொன்று". எழுத்தைச் சீர்செய்யும் முதல் கட்டம் தவறினால் இப்படித்தான். எண்ணைப் பார்த்ததும் அது தொகையா, ஆண்டா, போன் நம்பரா, வீட்டு எண்ணா என்று பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்க வேண்டும். "10.30-க்கு வா" என்பதில் இருப்பது நேரம், "10.30 மீட்டர்" என்பதில் இருப்பது தசமம். "10.30-க்கு" என்பதன் நடுவிலிருக்கும் சிறு கோட்டை "மைனஸ்" என்று படித்துத் தொலைக்காமலும் இருக்க வேண்டும்.

நான் புதிய மென்பொருள் எதைச் சோதித்தாலும் முதலில் கொடுப்பது "திரு.வி.க. நகர்". "திரு" என்பதை மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு, க-வுக்குப் பின்னால் உள்ள புள்ளியில் வாக்கியம் முடிந்ததாக மூச்சு விட்டு, "நகர்" என்று தனியாக யாரையோ விரட்டினால், அந்த மென்பொருளை அன்றே மூடிவிடலாம். உங்களுக்கு இப்போதைக்கு ஒரு வழி: இலக்கங்களுக்கு இடையே இடம் விட்டு எழுதினால் பெரும்பாலும் ஒவ்வொன்றாக வாசிக்கும்.

பார்வையற்ற என் தம்பி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். சில பிடிஎஃப்-களை, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் வெறும் ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது. ஏன் சார்? இன்னொன்று, இனிமையான குரல்கள் இருந்தும் அந்த ரோபோ குரலையே வைத்திருக்கிறானே?
(ஒரு அக்கா, வியாசர்பாடி)

முதல் கேள்விக்குக் காரணம் பழைய எழுத்துருக்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோட் பரவும் முன்பு, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிடுவார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணில்லாத இயந்திரம் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, வரிகளை யூனிகோடுக்கு மாற்றும் இணையக் கருவியில் போட்டால் சரியாகும். மாறாவிட்டால் பக்கத்தைப் படமாக்கி ஓசிஆரில் எழுத்தைப் பிரித்தெடுங்கள். 2026-லும் இப்படிக் கோப்பு போடுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

அடுத்தது, தம்பி தெரிந்துதான் வைத்திருக்கிறார். ஈஸ்பீக் போன்ற மென்பொருள்களின் குரல்கள் விதிகளைக் கொண்டு ஒலியைக் கணக்கிட்டு உண்டாக்குபவை. அவை விசையைத் தட்டியதும் பேசும், வேகத்தை மிக அதிகமாக்கினாலும் ஒலிகள் குழையாது. பழகியவர்கள் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் பக்கம் பக்கமாகக் கேட்டுவிடுவார்கள். இனிமை கதை கேட்பதற்கு, படிப்பதற்கு வேகம். மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

நம்ம மெட்ராஸ் பாஷை பேசுமா?
(மீன் வியாபாரி, காசிமேடு)

"இன்னாபா" என்று எழுதினால் அப்படியே சொல்லும், ஆனால் செய்தி வாசிப்பவர் சொல்வது போலிருக்கும். இந்தக் குரல்களுக்குப் பெரும்பாலும் ஸ்டூடியோவில் எழுத்துத் தமிழை வாசிக்க வைத்துத்தான் பதிவு எடுக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸில் பல இந்திய மொழிகளுக்கு இந்த வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. நம் பேச்சு வர வேண்டுமென்றால் நம் பேச்சைப் பதிவுசெய்ய வேண்டும். அதை ஒரே மாதிரி எழுத்துக்கூட்டி எழுதவும் வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம், ஒரே ஆளே இருவேளை இருவிதமாக எழுதுவார்.

என் மகன் குரலில் யாராவது பேசிப் பணம் கேட்க முடியுமா?
(இல்லத்தரசி, ராயபுரம்)

முடியும். 2023-இலேயே மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மூன்று நொடிப் பதிவிலிருந்து ஒருவர் குரலைப் போல உருவாக்கிக் காட்டினார்கள். அழைப்பை வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள மகனின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள் அக்கா. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன். பழைய லேப்டாப்தான் இருக்கு. நானே ஏதாவது செய்து பார்க்க முடியுமா அண்ணா?
(மாணவன், எம்.கே.பி. நகர்)

தாராளமாக. மேலே சொன்ன ஈஸ்பீக்கின் புதிய வடிவமான ஈஸ்பீக் என்ஜி இலவசம், அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அதில் தமிழுக்கான உச்சரிப்பு விதிகள் ஒரு கோப்பிலும், விதிவிலக்குச் சொற்கள் இன்னொன்றிலும் சாதாரண எழுத்தாகவே இருக்கின்றன. நோட்பேடில் திறக்கலாம். முதலில் உங்கள் தெருப் பெயர்களைத் தட்டச்சு செய்து வாசிக்கவிட்டு, எவை தப்பாக வருகின்றன என்று ஒரு பட்டியல் போடு. விதிவிலக்குக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து, தமிழை மறுபடி கம்பைல் செய்து (கோப்பை மென்பொருள் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றி) கேட்டுப் பார். சரியாக வந்தால் அந்தத் திருத்தத்தை ஈஸ்பீக் என்ஜியை உருவாக்குகிறவர்களுக்கே அனுப்பலாம்.